நடுக்கோடிக்கு யார்?

கோரைக்குளத்துக் கிழக்கரையில் ஓர் உடும்பு இருந்தது. பெயர் கெட்டிமுத்து. எதையாவது பிடித்தால் விடாது. பாறையைப் பிடித்தாலும் சரி, பேச்சைப் பிடித்தாலும் சரி. "போதும், விடுப்பா!" என்று யாராவது சொன்னால் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடிக்கும். அப்படி ஒரு பிறவி!

அந்த உடும்புதான் கிழக்கரைப் பந்து டீமுக்குக் கேப்டன்.

பந்தாட்டம் என்றதும் சிரிக்காதீர்கள்! அந்தக் காட்டில் அது வேடிக்கைக் காரியம் இல்லை. மாசி மாதம் குளம் வற்றத் தொடங்கும். கரையோரம் நல்ல மைதானம் கிடைக்கும். கிழக்கரை மிருகங்களும் மேற்கரை மிருகங்களும் அங்கே மோதும். ஜெயித்த கரைக்குத்தான் கோடை முழுவதும் ஆழ மடு. வெயில் எப்படிக் கொளுத்தினாலும் அந்த மடுவில் தண்ணீர் வற்றாது, மீன் சாகாது. தோற்ற கரை ஓரத்துச் சேற்றுக் குட்டையில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்க வேண்டியதுதான்.

ஆட்டம் எளிது. தூக்கணாங்குருவிகள் கோரைப் புல்லை முடைந்து பந்து செய்து தரும். ஒருவர் பந்தை எறிவார். எதிர்க்கரைக்காரர் புங்கங்கொம்பால் அடிப்பார். அடித்துவிட்டு, பந்து திரும்பி வருவதற்குள் மைதானத்திலுள்ள மூன்று கல்லையும் சுற்றி ஓடி வந்தால் ஒரு சுற்று கணக்கு. பந்து தரையில் விழுவதற்குள் யாராவது பிடித்துவிட்டால் அடித்தவர் அவுட். நாலு பேர் அவுட்டானால் அடுத்த கரை அடிக்கும். றெக்கை உள்ளவர்கள் பறக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம்.

உயரப் போகும் பந்தைப் பிடிக்க, மைதானத்தின் கோடியில் மூன்று பேர் நிற்பார்கள். இடது பக்கம் நிற்பவர் இடக்கோடி. வலது பக்கம் வலக்கோடி. நடுவில் நடுக்கோடி.

போன வருஷம் வரை கிழக்கரைக்கு இருந்த அந்த மூவரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கே நிறுத்த மனம் வராது. இடக்கோடியில் மந்தி. வலக்கோடியில் முயல். நடுக்கோடியில் புள்ளிமான் மருதாயி! அந்த மூன்று பேரும் நின்றால் பந்து மண்ணைத் தொடாது. மேற்கரைக்காரர்கள் அடித்துவிட்டு ஓடக்கூட மாட்டார்கள். கொம்பைக் கீழே போட்டுவிட்டு நேராக வீட்டுக்குப் போவார்கள்.

எல்லாம் ஒரே வருஷத்தில் கலைந்துபோனது. மந்தி மலையடிவாரக் கோயில் பக்கம் குடிபோய்விட்டது. அங்கே வேளாவேளைக்குத் தேங்காய்ச் சில்லு கிடைக்கிறதாம். முயலுக்கு வயசாகிப் பின்னங்கால் மடக்க வரவில்லை. மருதாயி மலைக்காட்டு மானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போய்விட்டது.

தை மாதம் மழை ஓய்ந்தது. புது ஆட்களைச் சோதித்துப் பார்க்க உடும்பு எல்லோரையும் மைதானத்துக்குக் கூப்பிட்டது.

பந்து எறிவது நீர்நாய் பொன்னாச்சி. அதற்குத்தான் மற்றவர்களைவிட அவசரம். ஈன்று சில வாரங்களே ஆன இரண்டு குட்டிகள் வளையில் இருந்தன. மடு இல்லையென்றால் மீன் இல்லை. மீன் இல்லையென்றால் குட்டிகளுக்குப் பால் இல்லை. டீம் தோற்றால் பொன்னாச்சி குட்டிகளைக் கவ்விக்கொண்டு பெரிய ஆற்றுக்குப் போக வேண்டும். வழியில் லாரி ஓடும் ரோடு இருக்கிறது. அந்த ரோட்டில் போன தன் தங்கை திரும்பவே இல்லை என்பதைப் பொன்னாச்சி யாரிடமும் பேசுவதில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும்.

"அண்ணே, சீக்கிரம் ஆளைப் பொறுக்குங்க. மாசி வந்துடுச்சுன்னு வச்சுக்கங்க!" என்றது நீர்நாய்.

முதலில் வந்தது கீரி சுருளி. பந்து புதரின் இந்தப் பக்கம் விழுந்தால் கீரி அந்தப் பக்கமாக அதோடு வெளியே வரும். அவ்வளவு வேகம்! ஒரே ஒரு குறை. பந்தைத் துரத்திப் போகும்போது ஒரு பொந்தைப் பார்த்துவிட்டது. அங்கேயே நின்று மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது.

"வேலை நேரத்துல பாம்பு என்னடா பாம்பு!" என்று கத்தியது உடும்பு.

"பழக்க தோஷம் கேப்டன்!" என்று கீரி பல்லைக் காட்டியது.

"சரி, நீ இடக்கோடி."

அடுத்து மயில் தோகைராசா. பந்து வருகிறது. மயில் தோகையை விரித்து, தலையைச் சாய்த்து, சுற்றிலும் யார் பார்க்கிறார்கள் என்று பார்த்தது. பந்து பக்கத்தில் பொத்தென்று விழுந்தது.

"முதல்ல பிடிய்யா, அப்புறம் விரி!" என்று பொன்னாச்சி தலையில் அடித்துக்கொண்டது. அடுத்த பந்தை மயில் ஒழுங்காகப் பிடித்தது. பிடித்த பிறகு விரித்தது.

"சரி, நீ வலக்கோடி" என்றது உடும்பு.

மிச்சம் நடுக்கோடி. அதுதான் முக்கியமான இடம். அடிக்கிறவன் ஓங்கி அடித்தால் பந்து நேராக அங்கேதான் போகும்.

அதற்கு வந்தது ஒரே ஆள். முள்ளம்பன்றி சடையாண்டி.

பொன்னாச்சி உயரமாக ஒரு பந்து போட்டது. முள்ளம்பன்றி அண்ணாந்து பார்த்தது. பிறகு பந்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டது. சிலிர்த்த முள்ளோடு பின்பக்கமாகவே குடுகுடுவென்று ஓடியது! முள்ளம்பன்றிகள் சண்டைக்கே அப்படித்தான் போகும், பந்துக்கு மட்டும் வேறு மாதிரியா போகும்? கோரைப் பந்து சதக்கென்று முதுகு முள்ளில் குத்தி நின்றது.

தூக்கணாங்குருவிகள் கீச்சுக் கீச்சென்று சிரித்தன.

"பிடிச்சிட்டேன் கேப்டன்!" என்றது சடையாண்டி.

"இது பிடியா? முதுகுல சுமக்கிறதுக்குப் பேரு பிடியா?" என்றது உடும்பு. "மருதாயி எப்படிப் பிடிப்பா தெரியுமா உனக்கு?"

அவ்வளவுதான். அந்தப் பெயரைச் சொன்னதும் சோதனை நின்றுபோனது.

"ஏப்பா, அந்தத் தூறல்ல ஒரு பிடி பிடிச்சாளே!" என்று கிழட்டு முயல் நொண்டிக்கொண்டே நடுவில் வந்து உட்கார்ந்தது. "நான் வலக்கோடியில நிக்கிறேன். பந்து மேகத்துக்குள்ள போயிடுச்சு. எனக்குக் கண்ணே தெரியலே. அவ ரெண்டு காதையும் தூக்கினா. திரும்பிக்கூடப் பாக்காம ஓடினா. ஓடி, ஓடி, நாவல் மரத்துக்குக் கீழே போயி நின்னு கழுத்தை மட்டும் இப்படித் திருப்பினா. பந்து வாயில வந்து உக்காந்துச்சு!"

"கொழுந்து கிள்ளுற மாதிரி!" என்றது உடும்பு.

"ஆமா! பந்துல ஒரு பல்லு பட்டிருக்காது!"

"பிடிச்ச உடனே என்ன செஞ்சா, ஞாபகம் இருக்கா?" என்றது ஒரு குருவி. "மந்தியும் முயல் பெரியப்பாவும் வர்ற வரைக்கும் காத்திருந்தா. மூணு பேரும் சேந்துதான் திரும்பி வந்தாங்க. நனைஞ்சுக்கிட்டே வந்தாங்க."

"மந்தி அன்னைக்கு என் முதுகுல ஏறிக்கிட்டு வந்தான், தடிப்பய!" என்று முயல் சிரித்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

அந்த நாட்களை நினைத்து எல்லோரும் ஏங்கினார்கள். நாவல் பழத்தைப் பந்துக்குப் பதிலாக எறிந்து மந்தி ஏமாற்றியது, ஜெயித்த இரவுகளில் மடுவில் குதித்தது, மருதாயி குளத்தில் முகம் பார்த்துக்கொண்டு வெட்கப்பட்டது என்று பேச்சு ஓடியது. வெயில் ஏறியது, இறங்கியது. சடையாண்டி மட்டும் முதுகில் பந்தோடு மைதானத்தின் கோடியிலேயே நின்றுகொண்டிருந்தது. யாராவது கூப்பிடுவார்கள் என்று பார்த்தது. யாரும் கூப்பிடவில்லை.

சாயங்காலம் உடும்பு தீர்ப்புச் சொன்னது.

"இடக்கோடி சுருளி. வலக்கோடி தோகைராசா. நடுக்கோடிக்கு ஆள் வேண்டாம்."

"என்னண்ணே சொல்றீங்க!" என்று துள்ளியது பொன்னாச்சி.

"மருதாயி வருவா."

"யார் சொன்னது?"

"அவளே சொன்னா. நாந்தானே காட்டு எல்லை வரைக்கும் கூடப் போனேன்? அங்கே நின்னு, என்னைப் பாத்து, 'அண்ணே, நான் வரேன்'னு சொல்லிட்டுத்தான் போனா."

பொன்னாச்சிக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அண்ணே! அது கிளம்பும்போது சொல்றது! அப்படின்னா 'போறேன்'னு அர்த்தம்!"

"வரேன்னா எப்படிம்மா போறேன்னு அர்த்தமாகும்?"

"'போறேன்'னு சொன்னா அபசகுனம்னுதானே எல்லாரும் 'வரேன்'னு சொல்றோம்! நீங்களுந்தானே தினமும் என் வளையிலேருந்து கிளம்பும்போது சொல்றீங்க!"

"நான் மறுநாள் வர்றேனா இல்லையா?"

நீர்நாய் விடவில்லை. "சரி, நெசமாவே திரும்பி வரப்போறவ என்ன சொல்லுவா?"

"வரேன்னுதான் சொல்லுவா."

"வரப்போறதில்லாதவ?"

"அவளும்..." என்று இழுத்த உடும்பு சட்டென்று வாயை மூடிக்கொண்டது. பிறகு, "மருதாயி பேச்சு மாறமாட்டா. அந்த இடம் அவளோடது!" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று போய்விட்டது. உடும்புப் பிடி என்றால் சும்மாவா?

மாசி வந்தது. ஆட்ட நாளும் வந்தது. மேற்கரைக் கேப்டன் காட்டுப்பன்றி மொரப்பன் மைதானத்தை ஒரு பார்வை பார்த்தது. இடக்கோடியில் கீரி. வலக்கோடியில் மயில். நடுவில் வெறும் புல்.

"ஏய், என்னப்பா இது! நம்மளுக்கு வாசலைத் திறந்து வச்சிருக்காங்க!" என்று உறுமியது. "எல்லாரும் நேரா அடிங்க!"

அடித்தார்கள். நேராகவே அடித்தார்கள். பொன்னாச்சி எவ்வளவு சாமர்த்தியமாக எறிந்தாலும் பந்து நடுவில் போய் விழுந்தது. கீரி இடப்பக்கமிருந்து ஓடி வரும், மயில் வலப்பக்கமிருந்து ஓடி வரும். இரண்டும் நடுவில் மோதிக்கொள்ளும். மயிலின் இறகு நாலைந்து பறக்கும். பந்து அவர்களுக்குப் பின்னால் உருண்டுகொண்டிருக்கும். மேற்கரைக்காரர்கள் சாவகாசமாக மூன்று கல்லையும் சுற்றி வந்தார்கள். காட்டெருமைகூட நடந்தே சுற்றி வந்தது!

உடும்பு அடிப்பவருக்குப் பின்னால் நின்று கிட்டப்பந்துகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கையிலிருந்து ஒன்றும் தவறவில்லை. ஆனால் ஒவ்வொரு பந்துக்கும் நடுவே அது காட்டு எல்லைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தது.

கிழக்கரையும் முட்டி மோதி அடித்தது. சும்மா சொல்லக் கூடாது, சுருளி ஓட்டமாய் ஓடி நல்ல சுற்றுகள் எடுத்துக் கொடுத்தது. மத்தியான இடைவேளையில் கிழக்கரை கொஞ்சம் பின்தங்கியிருந்தது. இரண்டு கரையும் இன்னும் ஒருமுறை அடிக்க வேண்டியிருந்தது; இந்தத் தடவை முதலில் கிழக்கரை.

அப்போது காட்டு எல்லைப் பக்கம் புதர் அசைந்தது.

புள்ளிமான் ஒன்று வந்தது. பக்கத்தில் ஒரு குட்டி மான்.

"மருதாயி!" என்று உடும்பு கத்தியது. வாழ்நாளில் அது அப்படி ஓடியதில்லை. "வந்துட்டாளே! பாத்தியா பொன்னாச்சி! வரேன்னா வர்றவ மருதாயி!"

எல்லோரும் ஓடிப் போய்ச் சூழ்ந்துகொண்டார்கள். முயலுக்கு வாய் கொள்ளாத சிரிப்பு. பொன்னாச்சிக்கும் கண் நிறைந்தது. என்ன இருந்தாலும் கூடப் பிறந்த மாதிரி இருந்தவர்கள் இல்லையா? மருதாயி ஒவ்வொருவரையும் மூக்கால் தொட்டது. "எல்லாரும் அப்படியே இருக்கீங்க!" என்றது. பிறகு மைதானத்தைப் பார்த்தது.

"அண்ணே, நடுக்கோடியில யாரையும் காணோமே? யார் நிக்கிறா?"

"நீதான்!" என்றது உடும்பு.

"நானா?"

"உன் இடத்தை நான் யாருக்கும் கொடுக்கலே தாயி! வரேன்னு சொன்னியே!"

மருதாயிக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சிரிக்க வாயெடுத்து, சிரிக்காமல் நின்றது. "வரேன்னுதானே அண்ணே சொன்னேன்? ஆட வரேன்னா சொன்னேன்? பொறந்த எடத்தைக் குட்டிக்குக் காட்டலாம்னு வந்தேன். இன்னைக்கு ஆட்டம்னுகூட எனக்குத் தெரியாது."

உடும்பின் முகம் தொங்கிப்போனது. அந்த முகத்தைப் பார்க்க மருதாயியால் முடியவில்லை.

"சரி, சரி, நிக்கிறேன்" என்றது.

மொரப்பனும் தடுக்கவில்லை. கிழக்கரையில் பிறந்தவர் யார் வேண்டுமானாலும் ஆடலாம் என்பதுதான் வழக்கம். கிழக்கரை அடித்து முடித்தது. மருதாயி வந்த தெம்பில் நன்றாகவே அடித்து, மேற்கரையைத் தாண்டிக் கொஞ்சம் முன்னேறியது. இனி மேற்கரை கடைசியாக அடிக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்தை எட்டிப் பிடித்தாலே போதும், மடு அவர்களுக்கு. கணக்கு சமமானால் முதலில் அடித்த கரைக்கு வெற்றி என்பது பழைய சட்டம். காலையில் முதலில் அடித்தது மேற்கரைதான்.

குட்டி மானைக் கரையோரம் முயலிடம் விட்டுவிட்டு மருதாயி நடுக்கோடிக்குப் போனது. அது போய் நின்ற அழகைப் பார்த்து, "அடேயப்பா, எத்தனை நாளாச்சு!" என்று உடும்பு பெருமூச்சு விட்டது.

முதல் அடி நேராக மேலே போனது. மருதாயி காதைத் தூக்கியது. ஓடியது. அதே ஓட்டம்! எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துக் குட்டி மான், "அம்மா!" என்று கூப்பிட்டது. மருதாயியின் கழுத்து அந்தப் பக்கம் திரும்பியது. பந்து இந்தப் பக்கம் விழுந்தது.

ஒரு சுற்று போனது.

இரண்டாவது அடியும் அங்கேயே. மருதாயி முயன்றது. மூச்சு வாங்கியது. பந்து அதற்கு நாலடி முன்னால் விழுந்தது. இன்னொரு சுற்றும் போனது.

மருதாயி ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு உடும்பிடம் வந்தது. "அண்ணே, கால் இங்கே ஓடுது, காது அங்கே நிக்குது. என்னாலே முடியாது. வேற ஆளைப் போடுங்க."

"உன் இடத்துலே வேற ஆளா?" என்றது உடும்பு.

அதுவரை பொறுத்திருந்த பொன்னாச்சி பந்தைக் கீழே போட்டது.

"கெட்டிமுத்து அண்ணே, நான் ஒண்ணு கேக்கிறேன், பதில் சொல்லுங்க. தோத்துட்டா நாளைக் காலையில நானும் குட்டிகளைக் கவ்விக்கிட்டு உங்ககிட்ட வந்து 'வரேன்'னு சொல்லணும். ரோட்டைத் தாண்டணும். தாண்டுவேனோ மாட்டேனோ! அப்போ என்ன செய்வீங்க? எனக்கும் ஒரு இடத்தைக் காலியா வச்சுக்கிட்டு வருஷம் பூரா ரோட்டையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? போனவ மேல இருக்கிற பாசத்துல கால்வாசி, கூட நிக்கிறவ மேல இருக்கக் கூடாதா?"

காட்டுப்பன்றிகூடக் கொம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றது.

உடும்பு தலையைக் குனிந்துகொண்டது.

"பயமா இருந்துச்சு பொன்னாச்சி. வேற ஆளை நிறுத்திட்டா, இவ போனது நெசமாயிடுமேன்னு பயமா இருந்துச்சு. அந்த இடம் காலியா இருக்கிற வரைக்கும், கொஞ்ச நேரத்துக்கு எங்கேயோ போயிருக்கான்னு நெனைச்சுக்கலாம். அவ்வளவுதான்."

மருதாயி தன் தலையால் உடும்பை மெல்ல முட்டியது. "போனது நெசந்தான் அண்ணே. அதனாலேதானே விருந்தாளியா வந்திருக்கேன்? அழாதீங்க, எல்லாரும் பாக்கிறாங்க."

"நான் ஒண்ணும் அழலே!" என்றது உடும்பு. அழுதது. நானும் அந்த இடத்தில் இருந்தால் அழுதிருப்பேன்.

பிறகு அது நிமிர்ந்து கரைப் பக்கம் பார்த்து, "சடையாண்டி! எங்கேடா இருக்கே?" என்று குரல் கொடுத்தது.

முள்ளம்பன்றி ஒரு கிழங்கைக் கடித்துக்கொண்டே எழுந்தது. "நான் வேடிக்கை பாக்கத்தானே வந்தேன் கேப்டன்?"

"வேடிக்கை போதும். நடுக்கோடிக்குப் போ!"

"மருதாயி அக்கா மாதிரி எனக்கு ஓட வராதே?"

"உனக்கு எப்படி வருமோ அப்படி ஓடு! அன்னைக்கு உன்னை நிக்க வச்சுட்டு மறந்துபோயிட்டேன். தப்பு என்மேலதான். போய்யா!"

சடையாண்டி கிழங்கைத் துப்பிவிட்டுப் போனது. வாய் நிறையச் சிரிப்பு.

மேற்கரைக்காரர்கள் அதைப் பார்த்துக் கைகொட்டினார்கள். "முள்ளு மூட்டையை நிறுத்தியிருக்காங்க!" என்று காட்டெருமை கிண்டலடித்துவிட்டு ஓங்கி அடித்தது. பந்து நடுக்கோடிக்குப் பறந்தது. சடையாண்டி முதுகைத் திருப்பியது. குடுகுடுவென்று பின்னால் ஓடியது. சதக்! அவுட்!

அடுத்து வந்த நரியும் அங்கேயே அடித்தது. சதக்! அதுவும் அவுட்!

மூன்றாவதாக வந்த மரநாய்க்குப் புத்தி வந்தது. தரையோடு உருளும்படி அடித்தது. உருளும் பந்தைச் சடையாண்டியால் பிடிக்க முடியாது. ஆனால் குறுக்கே படுத்துக்கொள்ள முடியும்! படுத்தது. பந்து முள்ளில் சிக்கியது. கீரி பாய்ந்து வந்து அதை முள்ளிலிருந்து பிடுங்கி எறிந்தது. அதற்குள் மரநாய் சுற்றி முடித்துவிட்டது. ஆனாலும் கீரியும் முள்ளம்பன்றியும் ஒன்றையொன்று பார்த்துத் தலையசைத்தன. அந்த வித்தை அதற்கு முன் யாரும் செய்ததில்லை. மந்தியும் மருதாயியும்கூடச் செய்ததில்லை.

அடுத்த அடி வலக்கோடிக்குப் போனது. தோகைராசா பிடித்தது. யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமலே பிடித்தது! மூன்றாவது அவுட்.

இப்போது மேற்கரைக்கு இன்னும் ஒரே சுற்று எடுத்தால் கணக்கு சமம், மடு அவர்களுக்கு. கிழக்கரைக்கு இன்னும் ஒரே அவுட் வேண்டும். கொம்பை எடுத்துக்கொண்டு மொரப்பனே வந்தது. காட்டில் அதைப்போல அடிக்க ஆள் கிடையாது.

பொன்னாச்சி வளைப் பக்கம் ஒருமுறை பார்த்தது. பிறகு எறிந்தது.

மொரப்பன் அடித்த சத்தத்தில் மரத்திலிருந்த குருவிகள் எல்லாம் எழும்பின. பந்து போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. சடையாண்டி அண்ணாந்து பார்த்துக்கொண்டே பின்னால் ஓடியது. முதுகுப் பக்கம் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியாதே!

"கல்லு இருக்குடா! இடது பக்கம் வா!" என்று கத்தியது சுருளி.

"இன்னும் பின்னாடி! இன்னும்!" என்று கத்தியது தோகைராசா.

"நில்லு தம்பி! நில்லு! அங்கேயே நில்லு!" என்று கரையிலிருந்து கத்தியது மருதாயி. நடுக்கோடியில் பந்து எங்கே விழும் என்று அதைவிட யாருக்குத் தெரியும்?

சடையாண்டி நின்றது. உடம்பைச் சிலிர்த்தது. பந்து வால் பக்கத்திலிருந்த கடைசி ஒற்றை முள்ளில் வந்து குத்தி, ஆடி, தொங்கியது. மண்ணுக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளிதான்.

"யாரும் தொடாதீங்க! மூச்சு விடாதீங்க!" என்றது சடையாண்டி.

மொரப்பன் மைதானத்தின் பாதியிலேயே நின்றது. கிட்டே வந்து குனிந்து பார்த்தது. ஒரு பக்கம் பார்த்தது, மறுபக்கம் போயும் பார்த்தது. "மண்ணைத் தொடலே. அவுட்டுதான்" என்றது. பன்றியானாலும் நியாயஸ்தன்.

ஐயையோ, அப்புறம் எழுந்த சத்தத்தைச் சொல்லி முடியாது! சடையாண்டியைத் தூக்கிக் கொண்டாட எல்லோரும் ஓடினார்கள். கிட்டே போனதும், எங்கே பிடித்துத் தூக்குவது என்று தெரியாமல் சுற்றிலும் நின்று குதித்தார்கள். பொன்னாச்சி நேராக வளைக்குப் போய் இரண்டு குட்டிகளையும் கவ்வி வந்து ஆழ மடுவில் இறக்கிவிட்டது. அவை தண்ணீரில் புரண்டு விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது.

சத்தம் அடங்கியதும் உடும்பு மருதாயியைத் தேடிப் போனது. மருதாயி குட்டிக்கு நாவல் மரத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. உடும்பு கூச்சத்தோடு பக்கத்தில் உட்கார்ந்தது.

"தாயி, நீ வந்ததிலேருந்து ஆட்டத்தைப் பத்தியே பேசிட்டேன். உன்னைப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே! மலைக்காடு எப்படி இருக்கு? புல்லு நல்லா இருக்கா? மாமியார் உன்னை நல்லபடியா வச்சிருக்காளா? இந்தப் பய பேர் என்ன?"

யாராவது இதையெல்லாம் கேட்கமாட்டார்களா என்று மலையிலிருந்து இறங்கி வரும் வழியெல்லாம் மருதாயி நினைத்துக்கொண்டு வந்திருந்தது.

"இவன் பேரு கடம்பன்" என்று ஆரம்பித்தது. மலையில் காலையில் இறங்கும் பனி, வழுக்கும் பாறை, சிடுசிடுத்தாலும் ராத்திரியில் தன் பக்கத்திலேயே படுத்துக்கொள்ளும் மாமியார், தனியாக அழுத முதல் மழைக்காலம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னது. உடும்பு குறுக்கே பேசாமல் கேட்டது. எதிரே மைதானத்தில் சடையாண்டியும் சுருளியும் பந்தை வைத்துக்கொண்டு புதுசாக ஏதோ பழகிக்கொண்டிருந்தார்கள்.

பிரிந்து போனவர்மேல் எவ்வளவு பாசம் இருந்தாலும், அவர் நின்ற இடத்தைக் காலியாக வைத்துக் காத்திருக்காமல், இன்று நிற்க வந்தவரை தனக்கு வரும் விதத்தில் நிற்கவிட வேண்டும்.